எண்ணுதலும் எண்ணப்படுதலும்

தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று கணக்கிடுதல், மற்றொன்று சிந்தித்தல். ஒரே வினைக்குள் கணக்கையும் கருத்தையும் நம் முன்னோர் அடக்கி வைத்தனர். ஆயினும், இலக்கியம் பேசுகின்ற நம்மிற் பலர் இரண்டாவது பொருளை மட்டுமே நமக்குரியதென எடுத்துக்கொண்டு, முதலாவதைக் கணக்குப்பிள்ளைகளிடம் விட்டுவிட்டோம். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கொண்ட வள்ளுவர் எண்ணையே முன்னர் வைத்தார் என்று மேடைதோறும் சொல்வோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டே சொல்வோம். இக்குறையை எனக்கு உணர்த்தியவர் பேரறிஞர் ஒருவரல்லர். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு மாணவி.

2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதில், வெள்ளவத்தையிலுள்ள என் வீட்டுக்கு அவள் வந்தாள். பாடசாலையில் அவளுக்குத் தமிழ் கற்பித்தவன் நான். பின்னர் அவள் கொழும்பிலே புள்ளிவிபரவியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றிருந்தாள். ஐக்கிய அமெரிக்காவில் அத்துறையிலேயே பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லி, தட்டச்சிட்ட இரண்டு தாள்களை நீட்டினாள்.

"நான் தமிழ் வாத்தி, பிள்ளை. இதை நான் பார்த்து என்ன செய்ய?" என்றேன்.

"ஆங்கிலம் திருத்த ஆள் இருக்கினம் சேர். ஆனால் இதுக்குள்ள விஷயம் இல்லையாம். அதுதான் உங்களிட்ட வந்தனான்" என்றாள்.

அவள் நீட்டியது 'நோக்கக் கூற்று' என்று சொல்லத்தக்க ஒரு கட்டுரை. மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பதாரரிடம் கேட்பவை பல: பெறுபேற்றுச் சான்று, விரிவுரையாளர் மூவரின் சிபாரிசுக் கடிதங்கள், ஆங்கிலத் தேர்ச்சிக்கான சோதனை, சில இடங்களில் ஜீ.ஆர்.ஈ. என்னும் பொதுத் தேர்வு. நுண்கணிதம், ஏகபரிமாண இயற்கணிதம், நிகழ்தகவு ஆகியவற்றில் மாணவர் எத்துணை ஆழம் சென்றுள்ளார் என்பதைப் பெறுபேறு காட்டும். உழைப்பையும் ஒழுங்கையும் ஆசிரியர் கடிதம் காட்டும். ஏன் இதைப் படிக்க வேண்டும் என்ற வினாவுக்கோ மாணவரே விடையெழுத வேண்டும். மூன்று கடிதங்களும் முப்பது சான்றுகளும் சொல்லாத ஒன்றை அந்த இரண்டு தாள்கள் சொல்லியாக வேண்டும்.

வாசித்துப் பார்த்தேன். சிறு வயது முதலே கணிதத்தில் ஆர்வம், தரவுகளின் யுகம், உலகுக்குப் பயன்படும் அவா என்றெல்லாம் இருந்தது. ஆயிரம் பேர் எழுதக்கூடிய கட்டுரை அது. அவளை அதிற் காணவில்லை. பல்கலைக்கழகம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் டொலரிற் செலுத்த வேண்டும். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின், கடையொன்றிலே கணக்கெழுதும் அவள் தந்தைக்கு அது சிறு தொகையன்று. ஆறு இடங்களுக்கு எழுத நினைத்தவள் மூன்றாகக் குறைத்திருந்தாள்.

"அப்பா என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன்.

"எண்ணிப் படிக்கிறதுக்கு ஏன் பிள்ளை கடல் கடக்க வேணும் எண்டு கேட்கிறார்."

நியாயமான கேள்விதான். அதற்கு விடை அவள் வாழும் கொட்டாஞ்சேனைக்கு அருகிலேயே இருப்பது எனக்கு நினைவுக்கு வந்தது. கொச்சிக்கடையில் நிற்கும் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நாம் அறிவோம். அதைத் தோற்றுவித்த பொன்னம்பல முதலியாரின் மைந்தர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜ் சென்று கற்றவர்; 1875 இல் போட்டிப் பரீட்சையின் வழியாக இலங்கைச் சிவில் சேவையுட் புகுந்த முதல் இலங்கையர். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவர் அவரே. இந்நாட்டில் அன்று வாழ்ந்தோர் 35 இலட்சத்து 65 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் என அக்கணக்குக் கூறியது. ஆனால் அவருடைய அறிக்கை வெறும் தொகைப் பட்டியலன்று; மக்களின் வரலாற்றையும் சமயங்களையும் வழக்கங்களையும் ஆராய்ந்த நூலாகவே அது அமைந்தது. எண்ணுதலின் இரு பொருளும் ஒரு மனிதரிடம் கூடியிருந்தமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமெனப் பல்லாண்டு முயன்றவரும் அவரே என்பதை மாணவர் மறத்தல் ஆகாது.

எண்ணுதல் எளிது என்று நினைப்போர்க்கு இலங்கைத் தமிழரின் அனுபவமே வேறு பாடம் புகட்டும். 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவத்துக்கு 400 புள்ளிகளில் தமிழ் மொழிமூல மாணவர் 250 பெற வேண்டியிருக்க, சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதுமானதாயிற்று. 1973 இல் வந்தது 'தரப்படுத்தல்'. ஒவ்வொரு மொழிமூலத்தாரின் புள்ளிகளையும் தனித்தனியே எடுத்துப் பொதுவானதோர் அளவுகோலுக்கு மாற்றினர். 1974 இல் மாவட்டப் பங்கீடும் அதனுடன் சேர்ந்தது. அச்சொல் நம் வீடுகளில் இன்றும் ஆறாத புண்.

நான் அதைச் சொன்னபோது மாணவி சற்றே சிரித்தாள். அவள் தந்த விளக்கத்தை என் நடையிற் சொல்கிறேன். ஒரு மாணவரின் புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது இசட் புள்ளி. 2001 முதல் க.பொ.த. உயர்தர மாணவர் யாவரின் விதியையும் எழுதுவது அதுவே. அந்த வாய்பாடு குற்றமற்றது. யாரை யாரோடு சேர்த்து இடை காண்பது என்பதே வினா. 1973 இல் மொழிவாரியாகப் பிரித்தபோது, இரு சாராரின் ஆற்றலும் சமம், வேறுபாடு பரீட்சையினால் வந்ததே என்ற எடுகோள் சத்தமின்றி உள்ளே நுழைந்தது. 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையிலோ பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் தோற்றினர். இரு வேறு குழுவினரையும் ஒன்றாகக் கலந்து கணித்தார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அக்கணிப்பைத் தள்ளி, தனித்தனியே கணிக்குமாறு பணித்தது. அன்று பிரித்ததால் வந்தது துயர். பின்பு சேர்த்ததால் வந்தது வழக்கு. எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்பதை எந்த வாய்பாடும் தானாகச் சொல்லாது. அதை அறிவதற்கே படிப்பு.

"இதை ஏன் பிள்ளை நீ எழுதவில்லை?" என்றேன்.

அவள் உடனே பேசவில்லை. பிறகு, மூன்றாம் வருடத்தில் ஓர் ஒப்படைக்காக நூலகத்திலே 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டு அறிக்கையைப் புரட்டியதைச் சொன்னாள். 1981 இன் பின் நாடு கண்ட முதற் கணக்கெடுப்பு அது. போர் காரணமாக 25 மாவட்டங்களில் 18 இல் மட்டுமே அது முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய ஏழு மாவட்டங்களும் முழுமையாக எண்ணப்படவில்லை. அவள் பிறந்தது 2000 ஆம் ஆண்டு. பிறந்த ஊர் முல்லைத்தீவில். 2009 இன் பின்னரே குடும்பம் கொட்டாஞ்சேனைக்கு வந்தது. 2012 இல் கணக்கெடுக்க வந்தபோது அவளுக்கு வயது பன்னிரண்டு.

"அதுவரைக்கும் எங்களை ஒருத்தரும் எண்ணேல்லை சேர்" என்றாள். முறைப்பாடாகச் சொல்லவில்லை, ஓர் அட்டவணையில் விடுபட்ட கட்டத்தைச் சுட்டுவது போலச் சொன்னாள்.

எண்ணப்படாதவரை எவ்வாறு எண்ணுவது? அவள் கற்க விரும்பியது அதுவே. அதற்கொரு பழைய முறை உண்டு. ஒரு குளத்தில் எத்தனை மீன் என அறிய நீரை இறைக்க வேண்டியதில்லை. நூறு மீனைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுக. சிலநாள் கழித்து மீண்டும் நூறு பிடித்தால், அவற்றுள் பத்து மீன் அடையாளமுடையன எனக் கொள்வோம். பத்தில் ஒரு பங்கு அடையாளமுடையதாயின், குளத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீன் இருத்தல் வேண்டும். மீனுக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்தும். வெவ்வேறு நிறுவனங்கள் தொகுத்த பெயர்ப் பட்டியல்களை ஒப்பிட்டு, எத்தனை பெயர் பொதுவாக வருகின்றன எனக் கண்டு, எந்தப் பட்டியலிலும் ஏறாதவரின் தொகையை மதிப்பிடலாம். பெரு நாட்டின் உண்மை ஆணைக்குழு 2003 இல் இவ்வழியே கணித்து, அந்நாட்டு மோதலில் இறந்தோரும் காணாமற்போனோரும் 69,280 பேர் என மதிப்பிட்டது. அவர்களுள் நான்கிற் மூன்று பங்கினர் கெச்சுவா முதலிய பழங்குடி மொழிகளைத் தாய்மொழியாக உடையோர். தலைநகர் அறியாத துயரத்தை ஓர் எண் தலைநகருக்குக் கொண்டு சென்றது.

ஆயினும் அம்முறையிலும் எடுகோள்கள் உண்டு. பட்டியல்கள் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும். எல்லோரும் பட்டியலில் ஏறுவதற்கு ஒத்த வாய்ப்பு வேண்டும். நிசவாழ்வில் இவை அரிது. பயந்தவர் எந்தப் பட்டியலிலும் வாரார். ஆதலின் திருத்தங்கள் வேண்டும். திருத்தங்களுக்கு ஆழ்ந்த கணிதம் வேண்டும். முதல் ஆண்டில் நிகழ்தகவுக் கொள்கை, அனுமானவியல், ஏகபரிமாண மாதிரியுருக்கள், அதன்பின் தகைமைத் தேர்வு, அதன்பின்னரே ஆய்வு. கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் ஐந்து ஆண்டு செல்லும். இடையே இளமாணவருக்குப் பாடம் நடத்தி அதனால் வரும் உதவித்தொகையில் வாழ்தல் வேண்டும். கண்ணீர் மட்டும் கொண்டு இவ்வழி நடத்தல் இயலாது என்பதை அவள் நன்கறிந்திருந்தாள்.

இத்துறைக்கு வந்தோர் யாவரும் நேர்வழியில் வந்தவரல்லர். சி. ஆர். ராவ் வேலையொன்றுக்காகக் கல்கத்தா சென்று, அது கிடையாமற் போக, அங்கே தங்கியிருந்த இடத்தில் ஒருவர் சொல்லக் கேட்டு 1941 இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற் சேர்ந்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் பிஷரிடம் பயின்று, நூறு வயது கடந்து 2023 இல் மறையும் வரை அத்துறையின் முதல்வரிசையில் நின்றார். சென்னையிற் பிறந்த எஸ். ஆர். சீனிவாச வரதன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் கற்று, தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டை நாடி 1959 இல் அதே நிறுவனத்துக்குப் போனார். அங்கு கிடைத்த நட்பு அவரை நிகழ்தகவுக் கொள்கைக்குத் திருப்பியது. 2007 இல் ஏபெல் பரிசு அவரை அடைந்தது. எழுதிய நோக்கம் மாறலாம். அது உண்மையான நோக்கமாய் இருந்தாற் போதும்.

இரு வாரம் கழித்து அவள் மீண்டும் வந்தாள். 2024 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டு அலுவலர் அதற்கிடையே அவர்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தார். தந்தையே வாசலில் நின்று விபரம் சொன்னாராம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு "நாலு" என்றாராம். அலுவலர் அடுத்த வினாவுக்குப் போகுமுன், "ஐஞ்சு பேராய் இருந்தனாங்கள்" என்றாராம். அலுவலர் நல்லவர், சற்று நேரம் காத்திருந்தார். ஆனால் அந்த விடையை எழுதுவதற்கு அவரிடம் இடமில்லை.

புதிய தாள்கள் இரண்டையும் என் முன் வைத்தாள். முதல் வாக்கியம், தான் உயிரோடிருந்தும் எண்ணப்படாத ஒரு கணக்கெடுப்பைப் பற்றியதாய் இருந்தது. இறுதி வாக்கியம், எழுத இடமில்லாத விடைகளை எவ்வாறு மதிப்பிடுவது எனத் தான் கற்க விரும்புவதைச் சொல்லிற்று. இடையிலே கணிதம் இருந்தது, எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு சொல்லையும் மாற்ற எனக்குத் துணிவு வரவில்லை. அண்ணனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவரைச் சொல்லி இடம் கேட்கக் கூடாது சேர்" என்றாள்.

2025 ஏப்ரல் 15 அமெரிக்கப் பட்டமேற்படிப்பு விண்ணப்பதாரர் தம் முடிவை அறிவிக்கும் நாள். அதற்கு முன்னரே இரண்டு மறுப்பும், உதவித்தொகையோடு ஓர் அழைப்பும் அவளுக்கு வந்தன. தந்தையும் மகளுமாக வெள்ளவத்தைக்கு வந்திருந்தனர். நெடுநேரம் பேசாதிருந்த அவர் விடைபெறுகையில், "எண்ணத் தெரிஞ்ச ஆக்கள் எங்களிலேயும் வேணும்தானே சேர்" என்றார்.

மொழியைக் காக்கக் கவிஞரையும் உரையாசிரியரையும் போற்றுகிறோம், அது தகும். ஆனால் ஒரு மக்கட் கூட்டம் தன்னை எண்ணவும் கற்றிருத்தல் வேண்டும். பிறர் எண்ணியதைச் சரிபார்க்கவும், எண்ண மறந்ததைக் கேட்கவும் அதுவே வழி. நம் வகுப்பறைகளில் கணிதத்தைப் பரீட்சைக்கும் தமிழைப் பேச்சுப்போட்டிக்கும் பிரித்துவைத்திருக்கும் ஆசிரியர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக, இரு பொருளிலும்.