மங்கிப்போன ரசீதும் கூடிப்போன வரியும்

திருமண மேடை அலங்காரம்தான் என் தொழில். கிள்ளானில் வீட்டு முன்கூடமே அலுவலகம், கார் நிறுத்தும் இடமே கிடங்கு. எஸ்எஸ்எம்மில் தனிநபர் தொழிலாகப் பதிந்து, மூன்று பேரை உதவிக்கு வைத்துக்கொண்டு நடத்தி வருகிறேன்.

ஈராண்டுக்கு முன், ஜூன் மாதக் கடைசி வாரம். பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்த ரசீதுகளைக் கணக்காளர் அக்காவின் மேசையில் கொட்டினேன். பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள்! பெட்ரோல் நிலையம், ஹார்ட்வேர் கடை என எல்லா ரசீதிலும் எழுத்து மறைந்திருந்தது. பூவை விடியற்காலையில் ரொக்கம் கொடுத்து வாங்குவோம். பில் கேட்கும் பழக்கமே எனக்கு இல்லை. உதவியாளர்களின் கூலிக்கும் கையெழுத்து வாங்கியதில்லை.

“நீ செலவு செய்தது உண்மைதான்மா. ஆனா நாளைக்குக் கேட்டா எதைக் காட்டுவே?” என்று சொல்லி, 15,000 ரிங்கிட் செலவை அக்கா ஒதுக்கிவிட்டார்.

வரி விதிக்கப்படும் என் வருமானம் 70,000 ரிங்கிட்டில் நின்றிருந்தால் வரி 3,700 ரிங்கிட். அது 85,000 ஆனதால் 6,550 ஆகிவிட்டது. 70,000-க்கு மேல் எனக்கு வந்த ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் 19 விழுக்காடு வரி. காகிதத்தைக் காப்பாற்றாததால் 2,850 ரிங்கிட் போனது. வேன் வாங்க முன்பணமாகச் சேர்த்து வைத்திருந்த காசு அது.

தொழில் வேறு, நான் வேறு அல்ல

நம்மில் பலருக்குப் புரியாத இடம் இதுதான். தனிநபர் தொழிலுக்கென்று தனி வருமான வரி கிடையாது. அதன் லாபம் நேராக உரிமையாளரின் ‘பி’ பாரத்துக்கு வந்துவிடும். பங்குதாரர் தொழிலும் அப்படியே. அதற்கெனத் தனிப் பாரம் உண்டு. ஆனால் வரியை ஒவ்வொரு பங்குதாரரும் தம் பங்குக்கு ஏற்பத் தாமே கட்ட வேண்டும்.

“மாதம் 3,000 ரிங்கிட்தான் வீட்டுக்கு எடுக்கிறேன், அதுதான் என் வருமானம்” என்று நானும் நினைத்திருந்தேன். தவறு. வங்கியில் விட்டு வைத்த லாபத்துக்கும் வரி உண்டு. எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் ‘சம்பளம்’ செலவாகாது. வீட்டு மளிகை, பிள்ளையின் டியூஷன், போக்குவரத்து சமன் எதையும் கழிக்க முடியாது.

வருமானம் ஈட்டுவதற்காக மட்டுமே முழுமையாகச் செய்த செலவைத்தான் வருமான வரிச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு ஏற்கிறது. பூ, துணி, கூலி, வேன் வாடகை, விளம்பரம் எல்லாம் அதில் அடங்கும். ஆதாரங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

நான் மாற்றிக்கொண்டவை

முதலில், தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. வாடிக்கையாளர் தரும் பணம் அதில்தான் விழும், செலவும் அதிலிருந்துதான்.

இரண்டாவது, ரசீது கைக்கு வந்ததும் கைப்பேசியில் ஒரு படம். இரவில் மாதவாரியாக அடுக்கிவிடுவேன். மூல ரசீதும் கோப்பில் இருக்கும்.

மூன்றாவது, வவுச்சர் புத்தகம். பில் தராத பூக்காரரிடம் தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். உதவியாளர் கூலிக்கும் பெயர், அடையாள அட்டை எண்ணோடு அப்படியே. முதலில் பூக்கார அண்ணன் சிரித்தார். இப்போது அவரே பேனாவை நீட்டுகிறார்.

நான்காவது, பொருள்களைப் பிரித்துப் பார்ப்பது. வேன் போன்றவற்றின் விலையைச் செலவாக எழுத முடியாது. மூலதனக் கழிவாகத்தான் கோர வேண்டும். வணிக வேனுக்கு முதலாண்டில் 40 விழுக்காடு வரை கோரலாம். தலா 2,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாத மின்விசிறி, விளக்குகளை, மொத்தம் 20,000 ரிங்கிட் வரை, அதே ஆண்டில் முழுதாகக் கழித்துவிடலாம்.

இவற்றுக்குப் பிறகுதான் சொந்தக் கழிவுகள்: தனிநபருக்கு 9,000 ரிங்கிட், இபிஎஃப் சந்தாவுக்கு 4,000 வரை. நமக்கு முதலாளி இல்லை. நாமே விரும்பிப் போடும் இபிஎஃப் பணத்துக்கும் இந்தக் கழிவு உண்டு. முதுமைக்கும் ஆயிற்று, வரிக்கும் ஆயிற்று.

சம்பளத்தோடு சிறு தொழிலா?

பகலில் அலுவலகம், வார இறுதியில் கேக், புகைப்படம், இணைய விற்பனை என்று இருக்கும் இளையோருக்கு ஒரு வார்த்தை. தொழில் வருமானம் வந்துவிட்டால் உங்களுக்குரியது ‘பிஇ’ பாரம் அல்ல, ‘பி’ பாரம். தொடக்க ஆண்டில் நட்டம் என்றாலும் காட்டுங்கள். அந்த நட்டத்தை அதே ஆண்டுச் சம்பள வருமானத்தில் கழிக்கலாம். கணக்கில்லாதவர் இந்த உரிமையைக் கைநழுவ விடுகிறார்.

சிபி500 கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம். அடுத்த வரியை இரு மாதத்துக்கு ஒரு முறை, ஆறு தவணையாகக் கட்டச் சொல்வது அது. வியாபாரம் குறைந்துவிட்டால் ஜூன் 30-க்குள் சிபி502 வழியாகத் தொகையை மாற்றக் கேட்கலாம். கண்டுகொள்ளாமல் விட்டால்தான் 10 விழுக்காடு அபராதம் வரும்.

கடந்த ஆண்டு மே மாதமே என் பாரம் போய்விட்டது. அக்கா ஒரு ரசீதைக்கூட ஒதுக்கவில்லை. அந்த பிஸ்கட் டின்னில் இப்போது ஊசியும் நூலும் வைத்திருக்கிறேன். வேனுக்கான முன்பணம் மறுபடி சேர்ந்து வருகிறது.

இன்று ஏதாவது வாங்கினீர்களா? ரசீது மங்குவதற்குள் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.