தலைவாசற் கதவின் நிறம்

வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதா, மஞ்சட் சாயல் பூசுவதா என்று குடும்பத்தோடு பல நாள் ஆலோசிப்போர்கூட, தலைவாசற் கதவின் நிறத்தைத் தீந்தைக் கடையின் மேசையோரத்தில் நின்று ஐந்து நிமிடத்திலே முடிவுசெய்து விடுகின்றனர். அன்றேல், யன்னலுக்குப் பூசி மிஞ்சிய தகரத்தில் என்ன இருக்கிறதோ அதுவே கதவுக்கும் நிறமாகிவிடுகிறது. பூச வந்தவர், "கபிலந்தான் ஐயா, ஊத்தை தெரியாது" என்று சொல்லிவிட்டால் அத்தோடு விசாரணை முடிந்தது. நேயர்களே, ஒருமுறை பூசிய நிறத்தோடு நாம் ஆண்டுக்கணக்கில் வாழவேண்டியிருக்கிறது. வீட்டிலுள்ள எல்லோருடைய கையும் நாள்தோறும் படும் பொருள் அக்கதவு. ஆதலின் அதன் நிறத்தைத் தெரிவுசெய்யும் முறையைச் சற்று ஆராய்வோம்.

கடையில் நமக்குக் காட்டப்படும் வண்ண அட்டையில் ஒவ்வொரு நிறமும் தபால் முத்திரையளவான ஒரு சதுரம். அதனைச் சுற்றிலும் வெள்ளைக் கடதாசி. கதவோ ஆறு ஏழு அடி உயரமானது. அதனைச் சுற்றி இருப்பது சுவர். இந்த வேறுபாடு அற்பமானதன்று. பிரான்சு தேசத்து இரசாயன அறிஞர் செவ்ரேல் என்பவர், 1824ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துக் கோப்லின் நெசவுசாலையிலே சாயப் பகுதிக்குப் பொறுப்பாளரானார். அங்கே நெய்வோர், கறுப்பு நூலின் சாயம் மங்கலாயிருக்கிறதென்று முறையிட்டனர். அவர் சோதித்துப் பார்த்தபொழுது சாயத்திற் குறை எதுவும் இல்லை. அக்கறுப்பு நீல நூல்களுக்கு அருகே நெய்யப்பட்டமையே அது சோர்ந்து தோன்றியதற்குக் காரணம். ஒரு நிறம் தன் அயலிலுள்ள நிறத்தைக் கண்ணுக்கு மாற்றிக் காட்டும் என்ற இவ்வுண்மையை அவர் 1839ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாகவே வெளியிட்டார். நமது கதவுக்கும் அதே நியதிதான். ஒரே தகரத்துப் பச்சை, மஞ்சட் சுவரிடையே சற்று நீலம் ஓடியதாகவும், இளநீலச் சுவரிடையே சற்று மஞ்சள் ஏறியதாகவும் தோன்றும். தீந்தைக் கடைக்காரர் நம்மை ஏமாற்றவில்லை. அவருடைய அட்டையில் நமது சுவர் இல்லை, அவ்வளவே.

சுவரைப் போலவே வெளிச்சமும் நிறத்தை மாற்றும். நம் வீடுகள் பலவற்றில் தலைவாசலுக்கு முன்னே விறாந்தை உண்டு. அக்கதவின்மீது வெயில் நேரே விழுவதில்லை. நிலத்திற் பட்டுத் தெறித்த ஒளியே விழுகிறது. விறாந்தைத் தரை சிவப்புச் சீமெந்தாயின் தெறிக்கும் ஒளியிலும் செம்மை கலந்திருக்கும். அவ்வொளியில் இளம்பச்சைக் கதவு கலங்கியதுபோலத் தோன்றும். மஞ்சளும் செங்கபிலமும் இன்னும் கனிந்து தோன்றும். முற்றத்தில் மாமரம் அடர்ந்து நின்றாலோ, உள்ளே வரும் ஒளியிற் பசுமை மிகும். ஆகவே அயல் வீட்டுக் கதவு அழகாயிருக்கிறதென்று அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்கி வருதலும் பயன் தராது.

செய்யத்தக்கது இதுதான். மனத்திற்குப் பிடித்த இரண்டு மூன்று நிறங்களில் மிகச் சிறிய தகரம் ஒவ்வொன்று வாங்குக. இரண்டடிச் சதுரமான பலகைத் துண்டுகளில், ஓரத்தில் வெண்மை விடாது, இரு முறை பூசிக் காயவிடுக. பின்னர் அவற்றைக் கதவின்மேற் சார்த்தி வைத்துக் காலையிலும், உச்சிவேளையிலும், மாலையில் விளக்கேற்றிய பின்னரும் படலையடியில் நின்று பார்க்கவேண்டும். இரண்டு நாளில் ஒரு பலகை தானாகவே தள்ளுபடியாகிவிடும். இராசிக்கேற்ற நிறம் வேண்டுமென்பாரோடு வாதாட நான் வரவில்லை. சோதிடர் பச்சை என்று சொல்லிவிட்டாலும், கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, இலைப்பச்சையா என்ற வினா எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை சொல்லவல்லது அப்பலகைதான்.

அடுத்து மண்ணையும் வெயிலையும் நோக்கவேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணில் மழைத்துளி விழுந்து தெறித்தால் கதவின் கீழ்ப்பாகம் முழங்கால் உயரத்திற்குச் சிவந்துவிடும். அவ்விடத்தில் வெண்மையும் இளநீலமும் ஒரு மாரிக்குத் தாங்கா. மட்டக்களப்புக் கரையோர வெண்மணலிலோ அவ்விடர்ப்பாடு இல்லை. விறாந்தையின்றி மேற்கு நோக்கிய கதவுக்குக் கருநீலமோ கடுங்கபிலமோ பூசினால், பிற்பகல் வெயிலை அது உறிஞ்சிக் கை வைக்க முடியாதபடி சுடும். பலகையும் நாளடைவில் நெளியும். பளிச்சென்ற சிவப்புகளிற் சில வெயிலில் விரைவிலே வெளிறும். தரைச் சீமெந்துக்குச் சிவப்பூட்டும் இரும்பு ஒட்சைட்டால் ஆகிய காவிச் சிவப்போ எளிதில் மங்காது, விலையும் குறைவு. வெண்மையைப் பற்றி ஒரு செய்தி: இன்றைய தீந்தைகளுக்கு வெண்மை தருவது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அதற்கு மூலமான இல்மனைற்று நமது புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் இருக்கிறது. அத்துணை வெண்மை அத்துணைக் கருமையிலிருந்து பிறக்கின்றது!

வீட்டில் முதியோர் இருந்தால் அவர்தம் கண்களையும் கேட்கவேண்டும். வயதேறக் கண்வில்லை மஞ்சளிக்கிறது. நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாகிறது. சுவரும் கதவும் ஒரே சாயலில் இருத்தல் இளையோர்க்கு நாகரிகமாய்த் தோன்றலாம். அந்தி வேளையில் தனியே திரும்பிவரும் பாட்டியாருக்கோ வாசல் எங்கே, கைபிடி எங்கே என்று தடவ நேரும். கதவு சுவரினின்றும், கைபிடி கதவினின்றும் தெளிவாக வேறுபட்டிருத்தல் வேண்டும்.

பழைய கதவாயின், நிறத்தை எண்ணுவதற்கு முன் மரத்தை எண்ணுக. முதிரை, தேக்கு போன்ற நல்ல மரத்தின் வரிகளை எனாமலால் மூடுவது எனக்கு உடன்பாடன்று. அதற்குத் தெளிந்த வார்ணிசே போதும். ஆனால் எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியோருட் பலர் திரும்பி வந்தபொழுது, கதவும் யன்னலும் நிலையும் பெயர்க்கப்பட்ட வெறுஞ் சுவர்களையே கண்டனர். எங்கெங்கோ கிடைத்த பழங்கதவுகளை விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டோர் பலர். ஒரு பக்கம் வேம்பு, மறு பக்கம் வேறேதோ மரம் என நிற்கும் அக்கதவுகளை ஒரே கதவாக்கித் தருவது தீந்தைதான்.

அத்தகைய கதவில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கலாம். முற்காலத் தீந்தைகளில், சிறப்பாக வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, சிலவகைப் பச்சை ஆகியவற்றில், ஈயச் சேர்வைகள் மிகுதியாகக் கலக்கப்பட்டன. இலங்கையில் தீந்தையிலுள்ள ஈயத்தின் அளவுக்குச் சட்டப்படியான எல்லை 2013ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முற்பட்ட பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்று கொள்வதே புத்தி. பழைய பூச்சை உலர்ந்தபடியே உரைதாளால் தேய்த்தால் எழும் தூசு விறாந்தையெங்கும் படியும். தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குட் செல்லும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார தாபனம் கூறுகின்றது. ஆகையால் பூச்சு இறுக்கமாயிருந்தால் அதனைச் சுரண்டாது, கழுவி, மேலே பூசிவிடுக. உரிந்திருந்தால் நீர் தெளித்து நனைத்தபடியே தேய்த்திடுக. பழம்பூச்சை நெருப்பால் இளக்கி எடுத்தல் கூடாது, அப்புகையும் நஞ்சே. சிறுவரையும் கருவுற்ற பெண்களையும் அவ்விடத்தினின்று விலக்கி, கழிவைக் கடதாசியிலே திரட்டி அகற்றுக. கிணற்றடியிற் கொட்டாதீர்கள்.

காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தைப்பொங்கலுக்கென்று மார்கழி முடிவில் அவசரமாகப் பூசுவது நம்மவர் வழக்கம். வடக்கிலும் கிழக்கிலும் அதுவரை மாரி மழை பெய்திருக்கும். மரம் ஈரத்தோடு நிற்கும். அதன்மேற் பூசிய தீந்தை, பங்குனி வெயிலிற் கொப்புளித்து எழும்பும். சித்திரைப் புத்தாண்டை இலக்காக வைத்து, மாசி நடுவில் தொடங்கினால் மரமும் உலர்ந்திருக்கும். பலகைத் துண்டுகளைப் பார்த்து முடிவுசெய்ய அவகாசமும் கிடைக்கும். கடைசிப் பூச்சை மட்டும் விடியற்காலையிலே முடித்துக்கொள்க. பின்னேரம் பூசிவிட்டு இரவு கதவைச் சாத்தினால், காலையில் நிலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கதவைப் பிரிக்க மறுபடியும் தச்சரைத்தான் அழைக்கவேண்டியிருக்கும்.