குரூப்பில் போட்ட படம் யாருடையது?

அஸ்வெசும விண்ணப்பத்துக்கோ வங்கிக் கணக்குக்கோ அடையாள அட்டைப் பிரதி வேண்டுமென்றால், மண்டூரில் என்றாலும் எழுவான்கரையில் களுவாஞ்சிக்குடியில் என்றாலும் வழி ஒன்றுதான். கொமினிகேசன் கடைக்காரரின் வட்ஸ்அப்புக்குப் படத்தை அனுப்பினால் இரண்டு நிமிடத்தில் அச்சடித்துத் தந்துவிடுவார். வந்தவர் பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பாதைப் படகேறி வீடு திரும்புகிறார். படமோ இலக்கம், முகவரி, முகம் எல்லாவற்றோடும் கடைக் கணினியிலேயே கிடக்கிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். நாளைக்கு அந்தக் கணினியில் யார் உட்காருவார் என்பது அவருக்கும் தெரியாது. அச்சானதும் அங்கேயே நின்று "அண்ணன், அதை அழிச்சிடுங்க" என்று கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தகவலைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கக் கோரவும் உரிமை தருகிறது. ஆனால் அது முழுமையாக நடைமுறைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போடப்பட்டு வந்திருக்கிறது. அதுவரை வாயால் கேட்பதுதான் பாதுகாப்பு.

இன்னொரு ஆபத்து தெரிந்தவரின் பெயரிலேயே வரும். "தவறுதலாக உங்களுக்கு ஒரு ஆறு இலக்க எண் வந்திருக்கும், அனுப்புங்கள்" என்று செய்தி வரும். அனுப்பினால் வட்ஸ்அப் கணக்கு கைமாறிவிடும். பிறகு கட்டாரில் வேலை செய்யும் மகனிடம், தாயின் பெயரில் காசு கேட்கப்படும். வட்ஸ்அப் அமைப்புகளில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவைத்தால், அந்த எண் மட்டும் கிடைத்தவரால் கணக்குக்குள் நுழைய முடியாது. ஆக ஒரு நிமிட வேலை.

கைப்பேசி தரும் வசதிக்கு ஊரே விலை கொடுத்த கதை மண்டூருக்குத் தெற்கே, அம்பாறையில் நடந்தது. 2018 பெப்ரவரி 26 இரவு, ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் மாக்கட்டி ஒன்று கிடந்தது. அது மலட்டு மாத்திரை என்று வாடிக்கையாளர்கள் கூச்சலிட்டார்கள். சிங்களம் சரியாக வராத ஊழியர் பதற்றத்தில் சொன்ன பதிலை யாரோ படம் பிடித்தார். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன; அந்தக் காணொளியோ பேஸ்புக்கில் நாடெங்கும் பரவியது. அது வெறும் மாவுதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிப்படுத்தினார். அதற்குள் கண்டி மாவட்டத்தின் திகனவும் வன்முறையில் பற்றியெரிந்து, அரசாங்கம் மார்ச் 7 முதல் சமூக ஊடகங்களை முடக்கியிருந்தது. 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. ஒரு மனிதரின் திணறலைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அதை ஒரு கணம் நிறுத்தி யோசித்திருப்பார்கள்?

கோயில் நிருவாகம், பழைய மாணவர் சங்கம், நீர்ப்பாசன முறை என்று ஊர்க் குரூப்புகளிலும் சண்டை வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். கணக்கைக் கேட்பது உரிமை. கணக்குக் கேட்டவருடைய தொலைபேசி இலக்கத்தையோ வீட்டுப் பெண்ணின் படத்தையோ எடுத்துப் பொதுவில் போடுவதுதான் குற்றம். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தொந்தரவு செய்யும் நோக்கில் ஒருவரின் தனிப்பட்ட தகவலை வெளியிடுவதைத் தண்டனைக்குரியதாக்குகிறது.

இத்தகைய சட்டங்கள் அதிகாரத்தின் கையில் மறுபக்கமும் வெட்டும். கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ரம்ஸி ராஸிக், வெறுப்புப் பேச்சுக்குப் பேனாவாலும் விசைப்பலகையாலும் பதில் சொல்லவேண்டும் என்ற கருத்தில் எழுதிய பேஸ்புக் பதிவுக்காக 2020 ஏப்ரலில் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் மறியலில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்கச் சொன்னது.

அப்படியொரு அநியாயம் அரச அதிகாரியால் நேர்ந்தால், உயர் நீதிமன்றத்தில் மனுப்போட ஒரு மாதமே அவகாசம். கொழும்புக்கு ஓடமுடியாதவர்கள் அந்த மாதத்துக்குள் மட்டக்களப்பிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறையிடலாம். ஆணைக்குழு விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. தனியாள் தொல்லை என்றால், கோபத்தில் செய்தியை அழித்துவிடாமல் திகதியும் அனுப்பியவரின் இலக்கமும் தெரியப் படமெடுத்து வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போகவேண்டும். கணக்குப் பறிபோனால் இலங்கை கணினி அவசர உதவிக் குழுவின் இலக்கம் 101. பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929.