போஸ்டரைத் தடுக்க ஒரு படம்

தேர்தல் அறிவிப்பு வந்ததும் கெடு ஓடத் தொடங்கிவிடும். கட்சி விளம்பரங்களை அரசு அலுவலகச் சுவர்களில் 24 மணி நேரத்துக்குள், பஸ் நிலையம், பாலம் போன்ற பொது இடங்களில் 48 மணி நேரத்துக்குள், விதி மீறிய தனியார் சுவர்களில் 72 மணி நேரத்துக்குள் அழித்தாக வேண்டும். புதியம்புத்தூர், கோவில்பட்டிப் பக்கத்து வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: கடைத்தெருவில் வரைந்த ஓவியத்துக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்களா?

அடிக்க மாட்டார்கள். தலைவர் முகம், சின்னம், ஆட்சிச் சாதனை இருந்தால்தான் மறைப்பார்கள்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. 2009-10இல் சென்னை மாநகராட்சி, மேயர் மா. சுப்பிரமணியன் காலத்தில், அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் போஸ்டருக்குத் தடை போட்டது. கூடவே சுவர்களில் பண்பாட்டுச் சின்னங்களையும் நாட்டியக் காட்சிகளையும் வரையச் செய்தது. அதிகாரிகள் இதற்கு வைத்த பெயர் அழகுபடுத்தல். நடந்ததோ காவல். வெள்ளைச் சுவரில் கூசாமல் பசை தடவுகிறவர் கோயில் கோபுரத்தின் மேல் தடவத் தயங்குவார் என்பதே கணக்கு. சம்பளமில்லாத வாட்ச்மேன்!

சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் எந்தப் படத்தின் மேல் பசை தடவத் தயங்குவார்களோ அந்தப் படத்துக்கே சுவர் கிடைக்கும். அந்தத் தெருவின் வியாபாரமும் ஆட்களும் சுவருக்கு வரமாட்டார்கள். வரைந்தவர்கள் யார் என்பது இன்னும் உறுத்துகிறது. சினிமா பேனரும் கட்சி கட்அவுட்டும் எழுதிப் பிழைத்து, ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை இழந்த ஓவியர்கள் அவர்களில் உண்டு. விளம்பரம் வரைந்த கைகளுக்கே விளம்பரத்தைத் தடுக்கும் வேலை.

செலவு யாருடையது? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1959 முதல், நகரச் சீரமைப்பு ஆணைய நிலத்தில் கட்டுபவர் கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்க வேண்டும். அதே 1959இல் தமிழ்நாட்டில் வந்தது, பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம்.

தனியார் கடைச் சுவர்? உரிமையாளர் சம்மதம் முதலில்.

படத்துக்கான செலவை ஏற்பதில் கரிசல் சீமையில் முன்மாதிரி உண்டா? கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜு (1898–1976). அவர் படங்கள் காலண்டர்களாகக் கடைகளுக்குள் தொங்கின, செலவு வியாபாரிகளுடையது.

உள்ளாட்சியிடம் எதைக் கேட்பது? படத்தை யார் தேர்ந்தெடுப்பார், மங்கினால் மறுபூச்சுக்கு யார் பணம் தருவார் என்ற இரண்டையும், எழுத்தில்.