தொழி முடிந்ததும் முன்சக்கர ஹப்பைத் திறந்து பாருங்கள்

குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் தண்ணீர் வரத் தொடங்கியதும் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வட்டாரங்களில் கார் சாகுபடிக்குத் தொழி உழவு தொடங்கிவிடும். டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் எஞ்சின் ஆயிலை மாற்றுகிறார்கள். கேஜ் வீலில் விட்டுப்போன பற்றுகளை வெல்டிங் வைத்துக்கொள்கிறார்கள். ரோட்டவேட்டருக்குப் புதிய கத்தி பூட்டுகிறார்கள். முன்சக்கரத்தை மட்டும் காலால் ஓர் உதை உதைத்து, காற்று இருக்கிறது என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்தச் சக்கரத்தைத் தாங்கும் பேரிங்குகளை, அது சத்தம் போடும் வரை, யாரும் நினைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பிசான அறுவடை சமயத்தில், தென்காசிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துச் சாலையில் நெல் மூட்டைகளுடன் வந்த டிராக்டர் ஒன்று மூக்குத் தரையில் குத்தி நின்றதைப் பார்த்தேன். இடது முன்சக்கரம் ஹப்போடு கழன்று வயலுக்குள் உருண்டு கிடந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை. உரிமையாளருக்குச் சொந்த நிலம் இரண்டு ஏக்கர்தான். வங்கிக் கடனில் வாங்கிய டிராக்டரை வாடகைக்கு ஓட்டித்தான் தவணை கட்டிவந்தார். "நேற்றுவரை நன்றாகத்தானே சார் ஓடியது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பேரிங் உடைந்ததோடு செலவு நிற்கவில்லை. சக்கரம் சுழலும் ஸ்டப் ஆக்சில் கண்டபடி தேய்ந்து போயிருந்தது. உதிரிபாகம் வந்து சேர நான்கு நாட்கள் ஆயின. அறுவடைக் காலத்தில் நான்கு நாள் வண்டி நின்றால் என்ன இழப்பு என்பதை இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உடைந்த துண்டுகளைத் துடைத்துப் பார்த்தபோது, பேரிங்கின் வெளி வளையத்தில் சம இடைவெளி விட்டுக் கருப்புக் கோடுகள் தெரிந்தன. ஒவ்வொரு கோடும் ஓர் உருளை நின்ற இடம். அது ஓடித் தேய்ந்த அடையாளம் அல்ல, நின்ற இடத்தில் துருப்பிடித்த அடையாளம். அதாவது மாசியில் கழன்ற அந்தச் சக்கரம், ஐப்பசித் தொழியில் தண்ணீர் குடித்து, பிறகு கொட்டகையில் ஓய்வாக நின்ற வாரங்களில் கெட்டுப்போயிருக்கிறது. ஆகவே கிரீஸ் வைப்பதைத் தொழிக்கு முன் செய்யும் வேலையாக மட்டும் நினைக்கக் கூடாது. தொழி முடிந்த வாரத்தில் செய்வதே முக்கியம்.

வண்டிக் குடமும் ஹப்பும்

மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வண்டிச் சக்கரத்தின் நடுவில் குடம், அதற்குள் இருசு, சக்கரம் கழலாமல் இருக்கக் கடையாணி, உராயாமல் இருக்க வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை. டிராக்டரில் குடத்துக்குப் பெயர் ஹப். இருசு முனைக்குப் பெயர் ஸ்டப் ஆக்சில். கடையாணியின் வேலையைக் காசில் நட்டும் அதன் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின்னும் செய்கின்றன. மைக்குப் பதில் கிரீஸ். மை உலர்ந்தால் வண்டி கீச்சிட்டு ஊரையே கூட்டிவிடும். டிராக்டரில் எஞ்சின் சத்தத்துக்குள் பேரிங்கின் முனகல் அமுங்கிவிடுகிறது.

ஒவ்வொரு ஹப்பிலும் உள்பக்கம் பெரியதாக ஒன்றும், வெளிப்பக்கம் சிறியதாக ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள் எதிரெதிராக இருக்கும். இவற்றில் குண்டுகள் இல்லை. ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்த உருளைகள் இருக்கும். அமெரிக்காவில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன் 1898ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கவாட்டில் வரும் தள்ளலையும் சேர்த்துத் தாங்கும். வரப்போரம் ஒரு பக்கப் பிரேக்கை மிதித்து டிராக்டரைச் சட்டென்று திருப்பும்போது முன்சக்கரம் சேற்றைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகிறதல்லவா? அந்தத் தள்ளல் முழுவதும் இந்த உருளைகள்மேல்தான் விழுகிறது.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

ஹப்பின் உள்பக்கம் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம் இருக்கிறது. சீல் நன்றாக இருந்தாலும் தண்ணீர் போவதற்கு நாமே வழி செய்துகொடுக்கிறோம். வீட்டிலிருந்து வயலுக்குத் தார் ரோட்டில் விரைவாக ஓட்டி வருகிறோம். ஹப் சூடாகிறது, உள்ளிருக்கும் காற்று விரிகிறது. வந்த வேகத்தில் தொழிக்குள் இறக்குகிறோம். ஹப் சட்டென்று குளிர்கிறது. உள்ளே காற்று சுருங்கி, சீலின் ஓரம் வழியாகச் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சுகிறது. வேலை முடிந்து ரோட்டில் ஓடிய சூட்டோடு வாய்க்காலில் இறக்கிக் கழுவினாலும் இதே கதைதான்.

ஆகவே வயல் வந்ததும் வரப்போரம் வண்டியைக் கால் மணி நேரம் நிறுத்தி, மடை பார்ப்பது, ரோட்டவேட்டரைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளை அப்போது முடித்துக்கொள்ளலாம். காசு செலவில்லாத பராமரிப்பு இது. வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் தண்ணீரைச் சீலுக்கு நேரே பீய்ச்ச விடக் கூடாது. அந்த அழுத்தத்தைத் தாங்க எந்த சீலும் செய்யப்படவில்லை.

இன்னொன்று, வைக்கோலும் நைலான் கயிறும். களத்தில் கிடக்கும் கயிறு, சாக்குத் தைத்த பிளாஸ்டிக் நூல் ஆகியவை ஹப்புக்கும் ஆக்சிலுக்கும் இடையில் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அறுத்துவிடும். மாலையில் குனிந்து பார்த்து எடுத்துவிடுங்கள். சக்கரத்தின் உள்பக்க ரிம்மில் கிரீஸ் கசிந்து மண் ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள்.

திறந்து பார்க்கும் முறை

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கியதும் ஆக்சிலுக்கு அடியில் கனமான மரக்கட்டை கொடுக்க வேண்டும். செங்கல் அடுக்குவது வேண்டாம். அது சொல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது.

முதலில் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. கையால் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். மணல் அரைபடுவது போல் கேட்டால் திறந்தே ஆக வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, மூடி, ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர் ஆகியவற்றை எடுத்தால் வெளிப் பேரிங் கையில் வரும். பிறகு ஹப்பை இழுத்து எடுத்து, உள்பக்கச் சீலையும் பேரிங்கையும் நீக்கலாம். இடது, வலது சாமான்களைத் தனித்தனித் தட்டில் வையுங்கள்.

பழைய கிரீஸின் நிறமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். பழுப்பாகவோ கருப்பாகவோ வழுவழுப்பாக இருந்தால் பயமில்லை. பால் கலந்த காப்பி நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த நிலையில் மேலே புதுக் கிரீஸ் அப்பி மூடுவது புண்ணை மூடித் துணி கட்டுவது போலத்தான். முழுவதையும் வழித்தெடுத்து, பேரிங்குகளை டீசலில் இரண்டு தடவை கழுவ வேண்டும். துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் உருளைகளுக்கிடையில் தங்கும். பழைய வேட்டித் துணி நல்லது. ஒர்க்‌ஷாப் பையன்கள் பேரிங்கைக் காற்றுக் குழாயில் பிடித்து விசில் சத்தம் வரச் சுழற்றி விளையாடுவார்கள். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் பேரிங் கெடும். சிதறினால் கண் போகும்.

உருளைகளிலும் வளையத்திலும் துருப்புள்ளி, பொத்தல், நீலம் பாய்ந்த நிறம் இவற்றில் எது தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது உள் கோனையும் ஹப்பில் இறுகியிருக்கும் வெளிக் கப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கப்பில் புதுக் கோன் போடுவது சிக்கனம்போலத் தெரியும். ஒரு பருவம் தாங்காது. கப்பைத் தட்டி எடுக்கப் பித்தளைத் தண்டு பயன்படுத்துங்கள். கடினப்படுத்திய எஃகைச் சுத்தியலால் நேரே அடித்தால் சில்லு தெறிக்கும். சீலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவதே நல்லது. பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் பார்த்துப் பொருத்த வேண்டும்.

எந்தக் கிரீஸ்?

கடையில் "கிரீஸ் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். சோடியம் சோப்புக் கிரீஸ் சூட்டைத் தாங்கும்; தண்ணீர் பட்டால் கரையும். தொழிக்கு அது ஆகவே ஆகாது. கால்சியம் சோப்பில் செய்த சாதாரணச் சேசிஸ் கிரீஸ் தண்ணீரைத் தாங்கும்; ஹப் நன்றாகச் சூடானால் இளகி வழிந்துவிடும். லித்தியம் கிரீஸ் இரண்டையும் ஓரளவு தாங்குவதால் வீல் பேரிங்குக்கு அதுவே ஏற்றது. டப்பாவில் லித்தியம் என்றும், 2 அல்லது 3 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண் கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும். இரண்டு வகைக் கிரீஸைக் கலக்கக் கூடாது; சில வகைகள் ஒன்றையொன்று நீர்க்கச் செய்துவிடும்.

கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, பேரிங்கின் பருத்த பக்க விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளின் ஊடே மறுபக்கம் வெளிவரும் வரை ஏற்ற வேண்டும். மேலே பூசினால் மட்டும் போதாது. ஹப்பின் நடுக்குழியில் எவ்வளவு வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வேகமாக ஓடும் ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் பாதி போதும். அதிகமானால் கடைந்து சூடாகும். மெதுவாகச் சேற்றில் நடக்கும் டிராக்டருக்கு முக்கால் வரை போகலாம் என்பது என் கருத்து. கிரீஸ் இருக்கும் இடத்தில் தண்ணீருக்கு இடமில்லை. ஹப்பில் நிப்பிள் உள்ள மாடல்களில் தொழி நாட்களில் தினமும் மாலையில் கிரீஸ் கன்னால் அடியுங்கள். கன் வைக்கும் முன் நிப்பிளைத் துடையுங்கள். இல்லாவிட்டால் சேற்றைத்தான் உள்ளே அடிப்பீர்கள்.

நட்டு இறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது

பணியில் சேர்ந்த புதிதில் நானே செய்த தவறு ஒன்று. நெல் விதை ஏற்றிச் செல்லும் ஜீப்புக்குக் கிரீஸ் வைத்துவிட்டு, கழன்றுவிடக் கூடாதே என்ற பயத்தில் நட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். பாதி வழியில் ஹப்பிலிருந்து புகை வந்தது. பேரிங் நீலம் பாய்ந்திருந்தது. படித்த படிப்பெல்லாம் அன்று சாலையோரம் உட்கார்ந்திருந்தது.

சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுற்றுவது சற்றுக் கனமாகும்போது நிறுத்தி, ஸ்பிளிட் பின் துளை நேராக வரும் அடுத்த பள்ளம் வரை தளர்த்துங்கள். சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும்; ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. உங்கள் வண்டிக் கையேட்டில் இதற்கு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதும், ஆணியையோ கம்பியையோ செருகுவதும் வேண்டாம். ரோட்டில் சில கிலோமீட்டர் ஓட்டியபின் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால் மீண்டும் திறக்க வேண்டும்.

நான்கு சக்கர இழுவை வண்டிகள்

இப்போது சிறு விவசாயிகளும் நான்கு சக்கர இழுவையுள்ள சிறிய டிராக்டர்களை வாங்குகிறார்கள். தொழியில் அவை புதையாமல் நடக்கின்றன. ஆனால் இவற்றின் முன் ஆக்சில் வேறு. பெரும்பாலானவற்றில் சக்கரத்தை ஒட்டியே பற்சக்கரங்கள் இருப்பதால் ஹப்புக்குள் இருப்பது கிரீஸ் அல்ல, ஆயில். அதைத் திறந்து கிரீஸ் அடைக்கக் கூடாது. இரவு முழுவதும் வண்டி நின்றபின், காலையில் வண்டியை அசைக்காமல் அடித் திருகை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். அடியில் தங்கியிருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஆயில் பால் நிறத்தில் வந்தால் முழுவதையும் மாற்றி, சீலையும் பார்க்க வேண்டும். கிங் பின்னுக்கு நிப்பிள் இருந்தால் அங்கே கிரீஸ் உண்டு.

மலையடிவாரத் தோப்புகளிலிருந்து தேங்காயும் மாங்காயும் இறக்கும் நான்கு சக்கர இழுவை ஜீப்புகளில் ஹப்பை இரண்டு பெரிய நட்டுகள் பிடித்திருக்கும். நடுவில் காது மடக்கும் பூட்டுத் தகடு ஒன்று இருக்கும். உள் நட்டில் பேரிங்கைச் சரிசெய்து, தகட்டைப் போட்டு, வெளி நட்டை நன்றாக முறுக்கி, தகட்டின் காதை மடக்க வேண்டும். காது ஒடிந்த தகட்டை மறுபடி போட்டு ஓடையில் இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிரெய்லரை மறந்தே போகிறோம். அதன் ஹப்பிலும் இதே இரண்டு பேரிங்குகள்தான். டிராக்டரின் முன்சக்கரத்தைவிடக் கூடுதல் பாரம். பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி மூட்டையோ, களத்திலிருந்து நெல்லோ ஏற்றுவதற்கு முன் வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும். கார் தொழி முடிந்த வாரத்தில் டிராக்டருக்கு ஒரு நாள், பிசானத் தொழி முடிந்த வாரத்தில் மறுபடி ஒரு நாள், தை பிறந்ததும் டிரெய்லருக்கு ஒரு நாள் என்று நாள்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள். வழித்தெடுத்த பழைய கிரீஸையும் கழுவிய டீசலையும் வாய்க்காலில் கொட்டாமல் டப்பாவில் பிடித்துவைத்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.