பட்டினி போட்டாலும் ஊர்ந்து போகும் கட்டி

புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் அதற்குப் புது ரத்தக் குழாய்கள் வேண்டும். அவற்றைத் தடுத்துவிட்டால் கட்டி பட்டினியில் முடங்கும் என்று 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் சொன்னார். இந்தக் கணக்கைச் சோதிக்க மூளையில் வரும் கிளியோபிளாஸ்டோமா பொருத்தமான இடம். ரத்தக் குழாய்கள் மண்டிக் கிடக்கும் கட்டி அது. செல்கள் நெருக்கியடித்துப் பெருகும்போது நடுவில் ஆக்சிஜன் தட்டுப்படுகிறது. உடனே அவை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்க, பக்கத்துக் குழாய்கள் கிளைவிடுகின்றன. கிளைப்பவை கோணல்மாணலானவை, சுவர் கசிபவை. அதனால் மூளையில் நீர் கோத்து வீக்கம் வருகிறதே தவிர, ஆக்சிஜன் பஞ்சம் தீர்வதில்லை.

விஇஜிஎஃப்பைப் பிடித்து முடக்கும் பெவாசிசுமாப் மருந்தை, திரும்ப வந்த கிளியோபிளாஸ்டோமாவுக்குக் கொடுக்க 2009-இல் அமெரிக்கா அனுமதித்தது. ஸ்கேனில் கட்டி மளமளவென்று மங்கியது. ஆனால் புதிதாக நோய் கண்டவர்களிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2014-இல் வெளியானபோது, நோய் முற்றாத காலம் மூன்று நான்கு மாதம் கூடியிருந்தது, ஆயுள் கூடவில்லை. ஓர் ஆய்வில் மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 16.8 மாதம், பெறாதவர்களுக்கு 16.7. ஸ்கேன் பொய் சொன்னதா? பாதி அப்படித்தான். கான்ட்ராஸ்ட் மருந்து கசியும் இடம்தான் எம்.ஆர்.ஐ.யில் வெள்ளையாகத் தெரியும். கசிவு அடைபட்டால் கட்டி இருந்தாலும் வெண்மை குறையும்.

மீதிக் காரணம் கட்டியின் நடையில் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செத்துப்போன ஒரு திட்டைச் சுற்றிச் செல்கள் வேலிபோல நெருக்கமாக நிற்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருப்பவை அவை என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். அவை போகும் வழி, மூளையில் முன்பே இருக்கும் நல்ல குழாய்களின் வெளிச்சுவர். இதை நரம்பு நோயியல் ஆய்வாளர் ஹான்ஸ் ஷெரர் 1938-லேயே எழுதிவைத்தார். ஆக, குழாய் வளர்ப்பதும் பரவுவதும் ஒரே பஞ்சத்துக்குக் கட்டி தரும் இரண்டு பதில்கள். ஒன்றை அடைத்தால் மற்றது திறந்தே இருக்கிறது. இவ்வளவு குழாய் இருந்தும் இது ரத்தத்தில் கலந்து ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போவது மிக அபூர்வம் என்பதும் கவனிக்கத்தக்கது. குழாய்க்குள் அல்ல, குழாயை ஒட்டித்தான் அது நகர்கிறது.

அப்படியானால் தாராளமாக வெட்டி எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். 1920-களில் மூளை அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி பெருமூளையின் வலது பாதி முழுவதையுமே எடுத்துப் பார்த்தார். கட்டி மறுபாதியில் வந்தது. ஆயுள் கூடவில்லை என்பதால் பெவாசிசுமாப் வீண் என்றும் பொருளில்லை. அது வீக்கத்தைக் குறைக்கிறது, பலருக்கு ஸ்டீராய்டு அளவைக் குறைக்க உதவுகிறது. அந்த வேலைக்காக அதைக் கொடுப்பது நியாயம். ஆயுளை நீட்டும் என்று சொல்லிக் கொடுப்பது நியாயமில்லை.