பல்டி அடிச்சா முதுகு வலிக்குதா? இடுப்போட முன்பக்கத்தைக் கொஞ்சம் கவனிங்க!

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் ரத வீதியில நின்னவங்களுக்கு ஒற்றைக்கால் தவத்தைப் பத்திப் புதுசா சொல்ல வேண்டியதில்லை. சங்கரரும் நாராயணரும் ஒண்ணாகக் காட்சி தரணும்னு கோமதி அம்மன் இருந்த தவம் அது. நீங்களும் இப்போ எழுந்து, ஒரு முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி அரை நிமிஷம் நின்னு பாருங்க. தொடையும் இடுப்பும் சேரும் மடிப்புல ஒரு இழுப்பு தெரியுதா? அங்கேதான் இருக்கு ‘ஹிப் ஃப்ளெக்ஸர்’.

இது ஒரே தசை இல்லை, ஒரு கூட்டம். அதில் முக்கியமான ‘சோவாஸ்’, கீழ் முதுகெலும்பிலிருந்து கிளம்பி, இடுப்புக்குள் இறங்கி, தொடை எலும்பின் மேல் பகுதியில் ஒட்டுகிறது. பல்டியில் முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பது இந்தக் கூட்டம்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தீபா கர்மாகர் ‘புரொடுனோவா’ வால்ட்டில் காற்றில் முன்பக்கமாக இரண்டு சுற்று சுற்றினாரே, அந்த உருண்டை வடிவத்திலும் இதுக்குப் பெரிய பங்கு உண்டு.

சிக்கல் எங்கேன்னா, பின்பக்கமா வளையும்போது இதே தசை நீளணும். கிளாஸ், திருநெல்வேலி பஸ், ராத்திரி படுக்கையில் போன்னு நாள் முழுக்க மடங்கியே இருந்த இடுப்பு, சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனதும் விரிஞ்சு கொடுக்காது. அது கொடுக்காத வளைவை முதுகு கொடுக்கும். பிரிட்ஜ் போட்டா கீழ் முதுகு மட்டும் ஒடிஞ்ச மாதிரி மடங்குறதும், ஹேண்ட்ஸ்டாண்டுல உடம்பு வாழைப்பழமா வளையுறதும் பல நேரம் இதனாலதான்.

சந்தேகமா இருந்தா கட்டில் ஓரத்துல உட்கார்ந்து அப்படியே மல்லாந்து படுங்க. ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கிட்டு, இன்னொரு காலைத் தொங்க விடுங்க. தொங்குற தொடை கட்டிலைத் தொடாம மேலே நின்னா, இறுக்கம் இருக்கு. தொடை படிஞ்சும் முழங்கால் மடங்காம நீட்டிக்கிட்டே இருந்தா, தொடையின் முன்தசையில் இறுக்கம்.

இதுக்கான ஸ்ட்ரெட்ச் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா பெரும்பாலானவங்க தப்பா செய்றாங்க. ஒரு முழங்காலைத் தரையில ஊன்றி, மற்ற காலை முன்னாடி வெச்சு, இடுப்பை முன்னாடி தள்ளித் தள்ளி முதுகை வளைக்கிறாங்க. இதுலயும் வளையுறது முதுகுதான்! தள்ளாதீங்க. பயந்த நாய் வாலைக் காலிடுக்கில் சுருட்டுமே, அப்படி இடுப்பைச் சுருட்டுங்க. தரையில் ஊன்றிய கால் பக்கத்துப் பிட்டத்தை இறுக்குங்க. ஒரு அங்குலம்கூட நகராமலே முன்பக்கம் ‘சுரீர்’னு இழுக்கும். 30 விநாடி, பக்கத்துக்கு மூணு தடவை, பயிற்சி முடிஞ்சு உடம்பு சூடா இருக்கும்போது. பயிற்சிக்கு முன்னாடின்னா காலை முன்னும் பின்னும் வீசினாலே போதும்.

மாசக்கணக்கா ஸ்ட்ரெட்ச் செஞ்சும் இறுக்கம் போகலையா? அந்தத் தசை பலமில்லாமலும் இருக்கலாம். பலமில்லாத தசை சீக்கிரம் களைச்சு, இறுகின மாதிரியே உணர்வைத் தரும். தரையில் கால் நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, கணுக்கால் பக்கத்துல ஒரு தண்ணி பாட்டிலை நிக்க வெச்சு, முழங்கால் மடங்காம காலை அதைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வையுங்க. எட்டு தடவைக்குள்ள பிடிச்சு இழுத்தா ஆச்சரியப்படாதீங்க.

ஸ்ப்ளிட் இறங்கலைன்னு தோள்மேல ஆளை ஏத்தி அமுக்குற பழக்கம் இன்னும் இருக்கு. யார் சொன்னாலும் சம்மதிக்காதீங்க. உயரம் வேகமா கூடுற வயசுல எலும்பு முந்திக்கும், தசை பின்தங்கும். தசை ஒட்டியிருக்கும் இடத்துல எலும்பு இன்னும் முழுசா முதிர்ந்திருக்காது. இடுப்பு முன்பக்கம் ‘டப்’புனு ஏதோ விட்ட மாதிரி இருந்து நடக்க முடியலைன்னா, எலும்புத் துண்டோடு தசை பிய்ந்திருக்கலாம். அன்னைக்கே எக்ஸ்ரே எடுங்க.

பின்னாடி வளையும்போது கீழ் முதுகு வலி ரெண்டு வாரமா போகலைன்னா, தைலம் தேய்ச்சு ஓட்டாதீங்க. முதுகெலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். 2019-ல் பும்ராவை ஓரம் உட்கார வெச்சதும் கீழ் முதுகில் வந்த அப்படியொரு அழுத்த முறிவுதான். சீக்கிரம் கண்டுபிடிச்சா பெரும்பாலும் சில மாச ஓய்விலேயே சரியாகிடும். எலும்பு டாக்டரைப் பார்க்கும்போது, ‘பல்டி அடிப்பேன்’னு மறைக்காம சொல்லிடுங்க, வீட்டுல திட்டு விழுந்தாலும்.